சன்சிபார் என்று எழுதப்பட்ட குத்துவாள்

2018 ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு காலைப்பொழுது, பாரிஸ் புறநகர் ஒன்றில் வாழும் என் நண்பரின் மகன் கைத்தொலைபேசிக்கு ஆறு புகைப்படங்களை அனுப்பியிருந்தான். கூடவே ஒரு குறிப்பு: "மாமா, இது எந்த நாட்டுச் சாமான், எவ்வளவு பழசு எண்டு பாத்துச் சொல்லுங்கோ. இஞ்ச எங்கட வீட்டுக்காரப் பெரியவற்ர குடும்பத்தில இதால பெரிய பிரச்சினை."

படங்களில் இருந்தது ஒரு குத்துவாள். நேரான அலகு. தோல் போர்த்திய மர உறை. உறையின் வாயில் பித்தளைப் பூண், அதன் இரு மருங்கிலும் ஒவ்வொரு வளையம். கைப்பிடி கரிய மரத்தாலானது. மேலே ஒரு குறுக்குக் கட்டை, கீழே ஒரு குறுக்குக் கட்டை, நடுவே கை பற்றும் தண்டு. ஆங்கில 'எச்' எழுத்தைப் படுக்கவைத்தாற்போன்ற அமைப்பு. உறையில் நூலால் ஒரு சிறு அட்டைத்துண்டு கட்டப்பட்டிருந்தது. அதில் நல்ல கையெழுத்தில் 'சன்சிபார், 18 ஆம் நூற்றாண்டு' என்று பிரெஞ்சு மொழியில் எழுதியிருந்தது.

குத்துவாளின் சொந்தக்காரர் மொரோக்கோவின் கிழக்கு எல்லையில், ஊஜ்தா நகரை அண்டிய கிராமமொன்றிலிருந்து 1960களில் பிரான்சுக்கு வந்து, மோட்டார் வாகனத் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வுபெற்ற முதியவர். அவருடைய வீட்டின் மேல்மாடியில்தான் நண்பரின் மகன் குடியிருந்தான். தன் கொள்ளுப்பாட்டனார் 1844 ஆம் ஆண்டு இஸ்லி ஆற்றங்கரையில் பிரெஞ்சுப் படைகளை எதிர்த்துப் போரிட்டபோது இடையில் கட்டியிருந்த ஆயுதம் இது என்பது பெரியவர் சிறுவயதுமுதல் கேட்டு வளர்ந்த கதை. பிள்ளைகளுக்கும் அதையே சொல்லி வந்தார். பிள்ளைகள் இதைப் பழம்பொருள் வணிகர் ஒருவரிடம் காட்ட, அவர் ஒரு பழைய ஆங்கில நூலை ஆதாரமாகச் சொல்லி, இது கிழக்காபிரிக்காவின் சன்சிபார்த் தீவில் செய்யப்பட்டது என்று அட்டை எழுதிக் கட்டி, விலையும் பேசிவிட்டார். தங்கள் குடும்பத்துக்கும் சன்சிபாருக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. எனவே அப்பாவின் கதை கட்டுக்கதை. விற்றுவிடலாம் என்பது பிள்ளைகளின் முடிவு. பெரியவர் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று நண்பரின் மகன் எழுதியிருந்தான்.

ஆயுதங்களைப் பற்றி எனக்குத் தனி அறிவு எதுவும் கிடையாது. நான் கையாண்ட கருவிகள் பேனாவும் கத்தரிக்கோலும் பசைப்போத்தலுமே. ஆயினும் ஒரு தகவல் எங்கிருந்து வந்தது, யார் யாருக்குச் சொன்னார் என்று பின்னோக்கித் தேடிச்செல்வது நாற்பது ஆண்டுகளாக எனக்குச் சோறுபோட்ட தொழில். அந்தத் துணிவில் தேடத் தொடங்கினேன். தேடத் தொடங்கிய பின்னர் விடவும் முடியவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. எந்த நாடு, எந்தக் காலம் என்பவை இருவேறு கேள்விகள். அட்டையில் அவை இரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டிருந்தன. ஒன்று சரியாக இருந்து மற்றையது பிழையாக இருக்கவும் கூடும். பெரியவரின் கதைக்கும் இது பொருந்தும்.

வடஆபிரிக்கக் குத்துவாள்கள் எல்லாம் ஒரே சாயலானவை என்று நினைத்திருந்தேன். அது என் அறியாமை. அட்லாந்திக் கரையிலிருந்து எகிப்து வரை நீளும் அந்தப் பரப்பில் மலைக்கு ஒன்று, பாலைவனத்துக்கு ஒன்று எனக் கத்திகள் வேறுபடுகின்றன. அவற்றைப் பிரித்தறிய எளிய வழி, அலகைப் பார்ப்பதற்கு முன் அதை எப்படி உடலில் அணிந்தார்கள் என்று பார்ப்பதே.

சகாராவின் துவாரெக் மக்களின் 'தெலெக்' இடது முன்கையில் கட்டப்படுவது. உறையில் ஒரு தோல் வளையம் இருக்கும். கைப்பிடி மணிக்கட்டை நோக்கி நிற்கும். வலது கை ஒரே வீச்சில் அதை உருவிவிடும். கைப்பிடி சிலுவை வடிவினது. அவற்றைச் செய்வோர் 'இனாதன்' எனப்படும் கைவினைஞர் குலத்தவர். நம் பெரியவரின் கத்தியின் உறையில் கைவளையம் இல்லை. ஆகவே அது விலகியது.

அல்ஜீரியாவின் கபிலியா மலைநாட்டுக்குரியது 'ஃப்ளிஸ்ஸா'. இஃப்ளிஸ்ஸன் என்ற குலத்தவரின் பெயரால் ஐரோப்பியர் அதற்கு இட்ட பெயர் அது. ஒருபுறம் மாத்திரம் கூருடைய நீண்ட அலகு, ஊசிபோல் ஒடுங்கும் முனை, அலகில் பித்தளை இழைத்த கோலங்கள், விலங்கின் தலைபோல் முடியும் கைப்பிடி, கை வழுக்காமல் காக்கும் குறுக்குக் காப்பு இல்லாமை, இரு மரத்துண்டுகளைச் சேர்த்துச் செதுக்கிய உறை என்பன அதன் அடையாளங்கள். கையளவுக் கத்தி முதல் முழு வாள் வரை எல்லா அளவிலும் அதைச் செய்தார்கள். 1857 இல் பிரெஞ்சுப் படைகள் கபிலியாவை அடக்கிய பின்னர் அதன் போர்ப் பயன் அருகி, சிறிய கத்திகள் ஞாபகச் சின்னங்களாக ஐரோப்பியருக்கு விற்பனையாகின. இதுவும் நம் கத்தி அன்று. அல்ஜீரியாவிலேயே பூ சாதா என்ற சோலை நகரின் பெயரால் வழங்கும் கத்தி இன்னொன்று. அதற்கும் இந்தக் கைப்பிடி கிடையாது.

மொரோக்கோவுக்கு வந்தால் முதலில் கண்ணிற் படுவது 'கும்மியா'. வடஆபிரிக்கக் குத்துவாள் என்றதும் பலர் மனதில் தோன்றுவது இந்த வளைந்த கத்திதான். அலகின் முற்பாதி நேராகவும் பிற்பாதி வளைந்தும் இருக்கும். வளைந்த பாகம் இருபுறமும் கூருடையது. உறையின் நுனி மேல்நோக்கி நன்றாக வளைந்து நிற்கும். கைப்பிடியின் தலை மயில் தோகையை விரித்தாற்போல் அகன்றிருக்கும். உறையின் மேற்புறத்தில் இரு காதுகளும் அவற்றில் வளையங்களும் உண்டு. கம்பளி அல்லது பட்டுக் கயிற்றை அவற்றில் கட்டி, வலது தோளின் மேலாகப் போட்டு, கத்தி இடது பக்கத்தில் தொங்கும்படி அணிவார்கள். 'கும்ம்' என்ற அரபுச் சொல்லுக்குச் சட்டைக் கை என்று பொருள். பெயர் அதிலிருந்து வந்தது என்பார்கள்.

இந்தக் கும்மியாக்களின் வெள்ளி வேலை பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அப்பால் செல்ல மனம் வரவில்லை. தென் மொரோக்கோவில் வெள்ளிப் பத்தர்களிற் பெரும்பாலோர் யூதர்கள். முஸ்லிம் குதிரை வீரனின் இடைக்கத்திக்கு உறை செய்தவர் அடுத்த தெருவிலிருந்த யூதப் பத்தர். 1948 க்குப் பின்னரும், குறிப்பாக 1960களின் முற்பாதியிலும், அவர்கள் பெருந்தொகையாக நாட்டை விட்டுப் புறப்பட்டார்கள். பட்டறைகள் மூடப்பட்டன. மெல்லிய தகட்டில் அச்சடித்த உறையும் கூரற்ற அலகுமாக உல்லாசப் பயணிகளுக்கென்று செய்யப்படும் கும்மியாக்களையும், அந்தப் பத்தர்களின் கையால் செதுக்கிய வேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாட்டைச் சொல்ல நிபுணர் தேவையில்லை.

பெரியவரின் கத்தி கும்மியாவும் அன்று, அலகு நேர். ஆனால் அந்த இரு வளையங்கள்! அவை கும்மியாவின் வளையங்களுக்கு உறவு. இதையும் தோளிற் கயிறு போட்டுத்தான் அணிந்திருக்க வேண்டும். அணியும் முறை மொரோக்கோவை நோக்கிக் கைகாட்டியது. அட்டை சன்சிபார் என்றது.

இனி அந்த அட்டையின் பூர்வீகத்துக்கு வருவோம். வணிகர் சுட்டிய ஆங்கில நூல், றிச்சார்ட் பேர்ட்டன் 1884 இல் வெளியிட்ட வாளின் வரலாறு. பேர்ட்டன் சாதாரண ஆளல்லர். மாறுவேடத்தில் மக்காவுக்குச் சென்றவர். ஆபிரிக்காவின் உட்பகுதிகளில் அலைந்தவர். அதைவிட முக்கியமாக, 1856 இலும் 1857 இலும் சன்சிபாரில் தங்கி, அந்தத் தீவைப் பற்றி 1872 இல் ஒரு பெரிய நூலே எழுதியவர். அவர் சன்சிபார் என்றால் யார் மறுத்துக் கதைப்பது? படுத்த 'எச்' கைப்பிடியை அவர் சன்சிபாருக்கு உரியதாகவே காட்டுகிறார். ஆனால் அது அவர் தம் கண்ணால் கண்டு சொன்னதன்று. அகஸ்ட் தெம்மின் என்பவர் 1869 இல் வெளியிட்டு, பல மொழிகளிற் பரவிய ஆயுதக் கையேட்டிலிருந்து எடுத்தது. தெம்மின் ஐரோப்பியச் சேகரிப்புகளைச் சுற்றிப்பார்த்து, கீழே எழுதியிருந்த பெயர்களைக் கொண்டு படம் வரைந்து நூல் செய்தவர். ஒரு கண்ணாடிப் பெட்டியில் இருந்த பெயர்ச்சீட்டு அவர் நூலுக்கு வந்தது. அவர் நூலிலிருந்து பேர்ட்டனுக்குப் போனது. பேர்ட்டனின் புகழ் அதற்கு முத்திரை குத்தியது.

இதைத் திருத்தியவர் சார்ள் பியூத்தான் என்ற பிரெஞ்சு ஆயுதச் சேகரிப்பாளர். அவருடைய சேகரிப்பின் விரிவான பட்டியல் 1933 இல் அச்சாயிற்று. மொரோக்கோவின் குத்துவாள்கள், வாள்கள் பற்றிய அவரது கட்டுரை 1939 இல் 'ஹெஸ்பெரிஸ்' என்ற ஆய்விதழில் வெளிவந்தது. மொரோக்கோவின் ஆயுதங்களை அந்நாட்டுப் பெயர்களோடும் பயனோடும் ஒப்பிட்டு ஆராய்ந்தவர் அவர். அந்த 'எச்' கைப்பிடிக் கத்தி மொரோக்கோவினது என்றும் அங்கே அதற்கு 'ஸ்பூலா' என்று பெயர் என்றும் அவர் எடுத்துக்காட்டினார். மொரோக்கோ அரபில் தானியக் கதிரையும் அதே ஒலியால் குறிப்பார்கள். அந்நாட்டில் நேரான கத்திகளுக்கு வழங்கும் இன்னொரு பெயர் 'ஜன்வி'. இத்தாலியின் ஜெனோவா நகரப் பெயரிலிருந்து பிறந்தது. பெயரே ஒரு வரலாற்றுச் சான்று. ஐரோப்பிய அலகுகள் மத்தியதரைக் கடலைத் தாண்டி வந்து மொரோக்கோக் கைப்பிடிகளிற் பொருந்திய கதை அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

திருத்தம் அச்சாகி எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஏலப் பட்டியல்களிலும் வணிகர்களின் அட்டைகளிலும் சன்சிபார் செத்துவிடவில்லை. பேர்ட்டனின் நூல் திரும்பத் திரும்ப மறுபதிப்பாகிறது. பியூத்தானின் கட்டுரையோ நூலகங்களிற் பழைய இதழ்க் கட்டுக்குள் கிடக்கிறது.

வணிகரை நான் குற்றம் சொல்லவில்லை. அதற்கு எனக்குத் தகுதியும் இல்லை. உதவி ஆசிரியராக இருந்த காலத்தில் ஒரு பழைய கட்டடத்தைப் பற்றி எழுதினேன். அது கட்டப்பட்ட ஆண்டை மூன்று பத்திரிகை நறுக்குகளிற் பார்த்து, மூன்றும் ஒத்திருக்கிறது என்ற நிறைவோடு அச்சுக்குக் கொடுத்தேன். மறுநாள் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆசிரியபீடத்துக்கு நேரில் வந்து, "தம்பி, முகப்புக் கல்லைப் பாத்தனீரோ?" என்று மட்டும் கேட்டார். பார்க்கவில்லை. கல்லில் வேறு ஆண்டு பொறித்திருந்தது. நறுக்குகளை மீண்டும் விரித்துப் பார்த்தால், இரண்டாவது முதலாவதைப் பார்த்தும் மூன்றாவது இரண்டாவதைப் பார்த்தும் எழுதப்பட்டவை. சாட்சிகள் மூவரென்று நான் எண்ணியது ஒருவரையே. அந்த வெட்கம் இன்றும் போகவில்லை.

பெயர்ச்சீட்டு இடம்மாறி ஒட்டப்படுவதற்கு நம்மூரிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1415 இல் மொரோக்கோக் கரையிலுள்ள செயுட்டாவைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், அந்நாட்டு முஸ்லிம்களை அழைத்த 'மூரோ' என்ற பெயரைக் கப்பலில் ஏற்றிவந்து, இந்து சமுத்திரத்தில் தாம் கண்ட முஸ்லிம்களுக்கெல்லாம் ஒட்டினார்கள். தமிழிற் சோனகர் என்று எழுதும் நம் சகோதரர்களை ஆங்கிலத்தில் 'மூர்' என்று இலங்கைக் குடிசனக் கணக்கு எழுதுவது அதனால்தான். உண்மையான மொரோக்கோக்காரர் ஒருவர் அதற்கு முன்பே, 1344 இல், இங்கு வந்து ஆரியச்சக்கரவர்த்தியின் விருந்தினராக இருந்து சென்றார். தஞ்சியரில் பிறந்த இபுனு பதூதா அவர்.

நாடு எது என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. மொரோக்கோ. பேர்ட்டனும் தெம்மினும் பியூத்தானும் எழுதியதை ஒழுங்காக எழுதி அனுப்பினேன். அன்று மாலையே பதில் வந்தது. பெரியவர் அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்க்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டாராம். பிள்ளைகளைத் தொலைபேசியில் அழைத்தாராம். எனக்கு மொரோக்கோ நாட்டுப் பேரீச்சம்பழம் அனுப்பப்போகிறாராம். அத்தோடு நின்றிருந்தால் எல்லாருக்கும் மகிழ்ச்சி. காலம் என்ற மற்றக் கேள்வி மீதமிருந்தது.

ஒரு கத்தியின் வயதைக் காணப் பல திறவுகோல்கள் உண்டு. எழுத்து இருந்தால் பெரும் உதவி. மக்ரிப் நாடுகளின் அரபு எழுத்துமுறைக்கு ஒரு தனி அடையாளம் இருக்கிறது. ஏனைய அரபு நாடுகளில் 'ஃபே' என்ற எழுத்துக்கு மேலே ஒரு புள்ளி, 'காஃப்' என்ற எழுத்துக்கு மேலே இரு புள்ளிகள். மக்ரிபின் பழைய எழுத்திலோ 'ஃபே'யின் புள்ளி கீழே இருக்கும். 'காஃப்' மேலே ஒற்றைப் புள்ளியோடு நிற்கும். அரபு வாசிக்கத் தெரியாதவர்கூட இதை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்துச் சொல்லலாம். ஹிஜ்ரி ஆண்டு பொறித்திருந்தால் அதை 33 ஆல் வகுத்து, வந்த ஈவை அதிலிருந்து கழித்து, 622 ஐக் கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு கிடைக்கும். 1294 என்று இருந்தால் 1877. வெள்ளி இருந்தால் அதிலுள்ள அரச முத்திரையைத் தேடலாம். பிரான்சில் 1893 முதல் பிறநாட்டு வெள்ளிக்கும் தோற்றம் தெரியாத வெள்ளிக்கும் அன்னப் பறவை முத்திரை குத்தினார்கள். ஆனால் அது பொருள் பிரெஞ்சுச் சந்தைக்கு வந்த காலத்தைச் சொல்லுமே தவிர, செய்யப்பட்ட காலத்தைச் சொல்லாது.

பெரியவரின் கத்தியில் வெள்ளி இல்லை. எழுத்து ஏதும் உண்டா என்று கேட்டேன். "அரபு ஒண்டும் இல்லை மாமா. முதுகுப் பக்கம் கறையா இருக்கு, கீறல் மாதிரி ஏதோ தெரியுது" என்றான். சீலைத்துணியில் சிறிது எண்ணெய் தொட்டு மெல்லத் துடைத்துப் பார்க்கும்படியும், எக்காரணம் கொண்டும் செங்கல் தூளோ மணற்கடதாசியோ போட்டுத் தேய்க்கக்கூடாது என்றும் எழுதினேன். பழைய இரும்பைப் பளபளப்பாக்குவது, சாட்சியின் வாயைத் தைப்பதற்குச் சமம். அலகின் நீளத்தையும், அதைக் குறுக்கே வெட்டினால் என்ன வடிவம் வரும் என்பதையும் கேட்டிருந்தேன்.

மறுநாள் வந்த பதிலைப் படித்தபோது நெஞ்சு சற்றுக் கனத்தது. அலகு 31 சென்ரிமீற்றர். முதுகு தடித்து இருபுறமும் சற்றுப் புடைத்து, கீழே மெல்லிய தகடாக இறங்குகிறது. குறுக்குவெட்டு ஆங்கில 'டி' எழுத்து. முதுகில் கைப்பிடியை ஒட்டித் தொடங்கும் சரிந்த கையெழுத்து. முன்பாதி பூணுக்குள் மறைந்துவிட்டது. வெளியே தெரிந்தது 'எத்தியேன்' என்ற சொல்லும், செப்ரெம்பர் என்ற மாதமும், 1878 என்ற ஆண்டும்.

பிரெஞ்சு இராணுவம் 1874 இல் 'கிரா' துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. அதன் முனையிற் செருகும் நீண்ட கத்தி, அதாவது பயனெற், 52 சென்ரிமீற்றர் நீளமான நேர் அலகுடையது. குறுக்குவெட்டு 'டி' வடிவம். அலகின் முதுகில் செய்த ஆயுதசாலையின் பெயர், மாதம், ஆண்டு ஆகியவற்றைச் சரிந்த கையெழுத்தில் பொறிப்பது அவர்களின் வழக்கம். செயின்ற் எத்தியேன் அவற்றிற் பெரிய ஆயுதசாலை. அதற்கு முந்திய 1866 ஆம் ஆண்டின் 'சஸ்போ' பயனெற் வளைந்து நெளிந்த அலகு; அதோடு இதைக் குழப்ப இடமில்லை. பெரியவரின் குத்துவாளில் இருந்தது பிரெஞ்சுப் போர்வீரனின் கிரா பயனெற். முனையில் இருபது சென்ரிமீற்றருக்கு மேல் வெட்டி, புதுமுனை தீட்டி, மொரோக்கோக் கைப்பிடி போட்டிருக்கிறார்கள்.

இதில் அதிசயம் எதுவுமில்லை என்று படிக்கப் படிக்கத் தெரிந்தது. ஜெனோவாவின் பெயர் கத்திக்கு வந்த காலத்திலிருந்து இதே நடைமுறைதான். நல்ல உருக்கு எங்கிருந்து கிடைத்தாலும் மொரோக்கோக் கொல்லன் அதை வீணாக்கவில்லை. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதற்குத் தட்டுப்பாடும் இல்லை. சுல்தான் முதலாம் ஹசன் (1873 முதல் 1894 வரை ஆண்டவர்) ஐரோப்பிய ஆயுதங்களை வாங்கிப் படையைச் சீர்திருத்தினார். 1877 முதல் பிரெஞ்சு இராணுவக் குழு ஒன்று அவர் படைக்குப் பயிற்சி அளித்தது. 1886 இல் பிரெஞ்சு இராணுவம் 'லெபெல்' துப்பாக்கிக்கு மாறியதும் கிரா பழசாகிவிட்டது. பழசான ஆயுதம் எங்கே போகும்? விற்கப்பட்டும் கடத்தப்பட்டும் ஆபிரிக்கா முழுவதும் பரவியது.

ஒரு பொருளிற் பழுது பார்த்தபோது சேர்க்கப்படாத, ஆரம்பம் முதல் இருந்த பாகங்களுள் எது மிக இளையதோ, அதைவிட அந்தப் பொருள் மூத்ததாக இருக்க முடியாது. 1878 செப்ரெம்பரில் செயின்ற் எத்தியேனில் அடித்த அலகு, 1844 ஓகஸ்ட் 14 ஆம் திகதி இஸ்லி ஆற்றங்கரையில் மார்ஷல் பியூஜோவின் படையை எதிர்த்து நின்றிருக்க முடியாது. வணிகரின் 18 ஆம் நூற்றாண்டும் இதே காரணத்தால் விழுந்தது. ஆனால் அது விழுந்ததில் எனக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை.

எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒரு முதியவர் பேரீச்சம்பழம் வாங்கப் புறப்பட்டிருக்கிறார். நாடு மொரோக்கோ என்பது உறுதி. அதோடு வாய் மூடியிருந்தால் ஒருவரும் என்னைக் கேட்கப்போவதில்லை. ஆனால் அந்த முதுகெழுத்தை நண்பரின் மகனும் பார்த்துவிட்டான். நாளை பிள்ளைகளும் பார்ப்பார்கள். முகப்புக் கல்லைப் பார்த்த பின்னர் பார்க்காதவனாக நடிக்க என்னால் ஆகவில்லை. எழுதினேன். எது நிச்சயம், எது நிச்சயமல்ல என்பதைப் பிரித்து எழுதினேன். கத்திகளில் முதலில் தேய்வதும் முறிவதும் அலகே. பழைய கைப்பிடிக்குப் புது அலகு போடுவது எங்கும் உள்ள வழக்கம். எனவே அலகு 1878 என்பது கைப்பிடி 1878 என்பதாகாது; கைப்பிடியையும் பூணையும் நெருங்கி எடுத்த படங்கள் வேண்டும் என்று கேட்டேன்.

பெரியவரும் அதையேதான் சொன்னாராம்: "அலகு மாற்றியிருப்பார்கள்." படங்கள் வந்தன. கைப்பிடியின் மரத்தில் ஒரே ஒரு சோடி ஆணித்துளைகள். முன்பொரு காம்பு பொருந்தி எடுக்கப்பட்டதன் அடையாளமான பழைய துளையோ அடைப்போ வெளியே தெரியவில்லை. பூணின் வாய் அந்த 'டி' முதுகின் தடிப்புக்கென்றே அளந்து வெட்டப்பட்டிருந்தது. உறையின் உட்புறமும் தடித்த முதுகுக்கு இடம்விட்டுக் குடையப்பட்டிருந்தது. கைப்பிடி, பூண், உறை மூன்றும் இந்த அலகுக்காகவே செய்யப்பட்டவை என்றுதான் நான் கொள்கிறேன். கழற்றிப் பார்த்தால் மேலும் உறுதியாகச் சொல்லலாம். கழற்ற வேண்டாம் என்று நானே தடுத்துவிட்டேன்.

அதன்பின் இரண்டு வாரம் பதில் இல்லை. பேரீச்சம்பழமும் இல்லை. கிழவரின் மனதை உடைத்துவிட்டோம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிறகு நீண்ட குரற்பதிவு ஒன்று வந்தது. பெரியவர் பேச, நண்பரின் மகன் இடையிடையே தமிழிற் சொன்னான். 1844 ஐ விட்டுவிட்டு 1878 க்குப் பின் என்று யோசித்தபோது, அவருக்குத் தம் பாட்டனாரைப் பற்றித் தகப்பனார் சொன்ன வேறொரு செய்தி நினைவுக்கு வந்ததாம். பாட்டனார் ஒவ்வோர் ஆண்டும் கோதுமை அறுவடைக் காலத்தில் கால்நடையாக எல்லை தாண்டி, அல்ஜீரியாவின் ஓரான் சமவெளியிலிருந்த பிரெஞ்சுக் குடியேற்றக்காரரின் பண்ணைகளில் அரிவு வெட்டக் கூலிக்குப் போனவர். வழியிற் கள்வர் பயம். கூலிப்பணத்தோடு திரும்புவோர் கூட்டமாகவும் ஆயுதத்தோடும் நடப்பார்களாம். அந்தப் பாட்டனார் பிரெஞ்சுக்காரரிடம் கைகட்டி வேலைசெய்ததைக் குடும்பத்தில் ஒருவரும் பெருமையாகச் சொன்னதில்லை. இஸ்லியைப் பற்றித்தான் சொன்னார்கள்.

அந்தப் பருவகாலக் கூலிப் பயணம் வரலாற்றிற் பதிவான செய்தி. வட மொரோக்கோவின் ரிஃப் மலைகளிலிருந்தும் கிழக்குப் பகுதிகளிலிருந்தும் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பாதி முதல் ஆயிரக்கணக்கானோர் ஓரானுக்கு அறுவடைக்குச் சென்றார்கள். அவர்களில் ஒருவர் பழைய கிரா பயனெற் ஒன்றை விலைக்கோ கூலிக்கு ஈடாகவோ பெற்று வந்து, ஊர்க் கொல்லரிடம் கொடுத்து ஸ்பூலாவாக மாற்றியிருக்கலாம். 'இருக்கலாம்' என்பதற்குமேல் ஒரு சொல்லும் நான் எழுத மாட்டேன். பெரியவருக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. தாமும் அப்படித்தானே இந்த நாட்டுக்கு வந்தேன் என்றாராம்.

புது அட்டைக்கு வாசகம் எழுதித் தரும்படி கேட்டார்கள். இப்படி எழுதிக் கொடுத்தேன்: 'ஸ்பூலா. மொரோக்கோ. அலகு: வெட்டிச் சுருக்கிய பிரெஞ்சு பயனெற், செயின்ற் எத்தியேன், 1878 செப்ரெம்பர். கைப்பிடியும் உறையும் அதற்குப் பிந்தியவை. ஊஜ்தாப் பகுதிக் குடும்பமொன்றின் உடைமை.' பெரியவர் ஒரு வரி சேர்க்க விரும்பினார். இஸ்லியையும் எழுதலாமா என்று கேட்டார். 'இஸ்லி யுத்தத்தில் பயன்பட்டதாகக் குடும்பத்தில் சொல்லப்படுவது' என்று, சொன்னவர் யார் என்பதோடு சேர்த்து எழுதலாம் என்றேன்.

கத்தி விற்கப்படவில்லை. மூத்த பேரனின் பெயருக்கு எழுதிவைத்திருக்கிறாராம். வணிகரின் சன்சிபார் அட்டையைக் கிழித்தெறியப் போனார்களாம். வேண்டாம், அதையும் பெட்டிக்குள் போட்டு வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.